பரிணாமம், இனக்கூட்டம், சூழல் மண்டலம்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

இந்த மூன்று பாடங்களிலும் மாணவர்கள் தடுக்கி விழுவது பெரும்பாலும் ஒரே இடத்தில்தான். எதை எண்ணுகிறோம் என்பது நழுவிவிடுகிறது. பரிணாமத்தில் எண்ண வேண்டியது அல்லீல்களை, அதாவது ஒரு மரபணுவின் மாற்று வடிவங்களை. இனக்கூட்டப் பாடத்தில் உயிர்களை. சூழல் மண்டலத்தில் ஆற்றலை, அதுவும் "ஒரு சதுர மீட்டருக்கு, ஓர் ஆண்டுக்கு" என்ற அலகோடு. கீழே உள்ள பதில்களைப் படிக்கும்போது இதை மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.

தமிழ்நாட்டுப் பாடநூலில் ஒரு சொல், இலங்கைப் பாடநூலில் வேறு சொல். எதை எழுதுவது?

எந்த நாட்டுத் தேர்வை எழுதுகிறீர்களோ அந்த நாட்டுச் சொல்லை. தமிழ்நாட்டில் பரிணாமம் என்பது இலங்கையில் கூர்ப்பு. இனக்கூட்டம் அங்கே குடித்தொகை, சூழல் மண்டலம் சூழற்றொகுதி, அல்லீல் எதிருரு, திடீர்மாற்றம் விகாரம். ஆபத்தானது "இனம்" என்ற சொல். தமிழ்நாட்டு நூல் சிற்றினம் என்பதை இலங்கை நூல் இனம் என்கிறது. பேரினத்தை அங்கே சாதி என்பார்கள். இரண்டு நாட்டு நூல்களையும் சேர்த்துப் படிப்பவர்கள் இந்த ஒரு சொல்லை மட்டும் குழப்பிக்கொண்டால் பாடமே தலைகீழாகிவிடும். இந்தப் பக்கத்தில் தமிழ்நாட்டுச் சொற்களே வருகின்றன.

ஒரு தனி உயிர் பரிணாமம் அடையுமா?

அடையாது. இதற்குத் தெளிவான சான்று கலாபகோஸ் தீவுக்கூட்டத்தில் உள்ள டாஃப்னி மேஜர் என்ற சிறு தீவு. பீட்டர் கிராண்ட், ரோஸ்மேரி கிராண்ட் தம்பதியர் 1973 முதல் அங்குள்ள குருவிகளுக்குக் கால்வளையம் போட்டு, அலகின் தடிமனை அளந்து வந்தார்கள். 1977இல் மழை பொய்த்தது. சிறிய விதைகள் தீர்ந்துபோயின. மிஞ்சியவை பெரிய, கடினமான விதைகள். அவற்றுள் ஒன்று நம் ஊர் நெருஞ்சியின் நெருங்கிய உறவுச் செடியுடையது. நெருஞ்சி முள்ளை மிதித்தவர்களுக்கு அந்தக் காயை உடைப்பது எவ்வளவு கடினம் என்று சொல்ல வேண்டியதில்லை. நடுத்தர அளவுள்ள தரைக்குருவிகளில் ஏறத்தாழ 85 விழுக்காடு இறந்தன. தப்பியவற்றில் தடித்த அலகுள்ளவை அதிகம்.

இங்கே நிறுத்தி யோசியுங்கள். எந்தக் குருவியின் அலகும் வளரவில்லை. மெல்லிய அலகுள்ளவை செத்ததால் கூட்டத்தின் சராசரி மாறியது. இது இயற்கைத் தேர்வு. தப்பிய குருவிகள் 1978இல் பொரித்த குஞ்சுகளுக்கும், பஞ்சத்துக்கு முந்தைய தலைமுறையைவிடத் தடித்த அலகு இருந்தது. இதுதான் பரிணாமம். அலகின் தடிமன் பெற்றோரிடமிருந்து வராத பண்பாக இருந்திருந்தால், தேர்வு நடந்திருக்கும், பரிணாமம் நடந்திருக்காது. இரண்டையும் ஒன்றாக எழுதிவிடுவதே இந்தக் கேள்வியில் நடக்கும் பெரிய தவறு.

கணக்காகவும் கேட்பார்கள். தேர்வால் சராசரி 0.5 மி.மீ. ஏறியது, பண்பு பரம்பரையாக வரும் விகிதம் 0.7 என்று கொடுத்தால், அடுத்த தலைமுறையில் எதிர்பார்க்கும் ஏற்றம் 0.5 × 0.7 = 0.35 மி.மீ. முழு 0.5 அல்ல.

1983இல் பெருமழை பெய்து சிறு விதைகள் குவிந்தபின், தேர்வு எதிர்த்திசையில் திரும்பியது. எனவே "பரிணாமம் என்றால் முன்னேற்றம்" என்று எழுதாதீர்கள். எந்த ஆண்டு எந்த விதை கிடைத்தது என்பதே அங்கே தீர்மானித்தது.

தேவை வந்தால் அதற்கேற்ற திடீர்மாற்றம் வருமா?

வராது. மரபணுவில் மாற்றம் முன்பே தற்செயலாக நிகழ்ந்திருக்கும். சூழல் அதைப் பொறுக்கி எடுக்கும். ஜோஷுவா லெடர்பெர்க், எஸ்தர் லெடர்பெர்க் இருவரும் 1952இல் வெளியிட்ட சோதனை இதை அழகாகக் காட்டுகிறது. பாக்டீரியாக் குடியேற்றங்கள் (ஒரே இடத்தில் பெருகிய பாக்டீரியாத் திட்டுகள்) வளர்ந்த மூலத்தட்டின் மேல் வெல்வெட் துணி சுற்றிய உருளைக்கட்டையை மெதுவாக அழுத்துவார்கள். துணியின் இழைகளில் ஒட்டிய பாக்டீரியாக்கள், அதே இட அமைப்போடு, மருந்து கலந்த பல தட்டுகளில் அடுத்தடுத்துப் பதியும். எல்லா மருந்துத் தட்டுகளிலும் ஒரே இடங்களில் குடியேற்றம் முளைத்தது. மருந்தைத் தொட்டபின் மாற்றம் வந்திருந்தால், தட்டுக்குத் தட்டு வேறு வேறு இடத்தில் முளைத்திருக்க வேண்டும். பிறகு மூலத்தட்டில் அதே இடத்தில் இருந்த, மருந்தையே பார்க்காத பாக்டீரியாவை எடுத்துச் சோதித்தபோது அதற்கும் எதிர்ப்புத்திறன் இருந்தது.

ஆய்வகத்தில் இதைச் செய்பவர்களுக்கு: தட்டின் விளிம்பில் திசைக்குறி போட மறந்தால் மொத்த உழைப்பும் வீண், எந்த இடம் எந்த இடத்தோடு பொருந்தும் என்று தெரியாது. ஊடகத்தின் மேல் ஈரம் நின்றால் குடியேற்றங்கள் ஒன்றோடொன்று இழுபடும். தட்டுகளை முன்கூட்டியே உலர வைக்க வேண்டும்.

விடைத்தாளில் "பாக்டீரியா மருந்துக்குப் பழகிக்கொண்டது" என்று எழுதினால் மதிப்பெண் போகும். "ஏற்கனவே எதிர்ப்புத்திறன் இருந்தவை தப்பிப் பெருகின" என்று எழுதுங்கள்.

ஹார்டி–வெயின்பெர்க் கணக்கை எந்த வரிசையில் போடுவது?

சில நிபந்தனைகள் நிறைவேறினால் அல்லீல் விகிதங்கள் தலைமுறைக்குத் தலைமுறை மாறாது என்று ஹார்டி, வெயின்பெர்க் இருவரும் 1908இல் தனித்தனியாகச் சொன்னார்கள். இந்த விதிக்கு ஐந்து நிபந்தனைகள்: கலப்பு தற்செயலாக நடக்க வேண்டும், கூட்டம் மிகப் பெரிதாக இருக்க வேண்டும், தேர்வு, திடீர்மாற்றம், இடப்பெயர்ச்சி மூன்றும் இருக்கக்கூடாது. இப்படி ஒரு கூட்டம் உலகில் இல்லையே என்று கேட்பார்கள். உண்மைதான். சுவரின் சாய்வைக் கண்டுபிடிக்கக் கொத்தனார் தூக்குக்குண்டைத் தொங்கவிடுகிறார். சுவர் எங்கே சாய்கிறது என்று காட்டத்தான் அந்த நேர்கோடு. இந்த விதியின் வேலையும் அதுவே.

எம்–என் இரத்த வகையை எடுத்துக்கொள்வோம். இதில் மூன்று மரபு வகைகளையும் நேரடியாகப் பிரித்தறியலாம். 200 பேரில் எம்எம் 90, எம்என் 80, என்என் 30 என்று கொள்வோம்.

முதலில் அல்லீல்களை எண்ணுங்கள். 200 பேரிடம் 400 அல்லீல்கள். எம் = (90 × 2) + 80 = 260. ஆகவே எம் அல்லீலின் விகிதம் பி = 260 ÷ 400 = 0.65, மற்ற அல்லீலின் விகிதம் க்யூ = 0.35.

அடுத்து பி² + (2 × பி × க்யூ) + க்யூ² = 1 என்பதில் போட்டு, 200ஆல் பெருக்குங்கள். எதிர்பார்ப்பது: எம்எம் 84.5, எம்என் 91, என்என் 24.5.

பிறகு கை-வர்க்கச் சோதனை: எண்ணியதும் எதிர்பார்த்ததும் எவ்வளவு விலகுகின்றன என்று பார்ப்பது. ஒவ்வொரு வகைக்கும் வேறுபாட்டின் வர்க்கத்தை எதிர்பார்ப்பால் வகுத்தால் 0.36, 1.33, 1.23. கூட்டினால் 2.92. ஒப்பிட வேண்டிய எல்லை 3.84. அதற்குக் கீழே இருப்பதால், இந்தக் கூட்டம் சமநிலையிலிருந்து விலகியது என்று சொல்லப் போதிய ஆதாரம் இல்லை. வெறும் கண்ணுக்கு 80க்கும் 91க்கும் பெரிய இடைவெளி போலத் தெரிந்தாலும் முடிவு இதுதான்.

தவறுகள் இரண்டு இடத்தில் வரும். முதலாவது, என்என் விகிதமான 30/200இன் வர்க்கமூலத்தை எடுத்து க்யூ = 0.387 என்று எழுதுவது. சமநிலை இருக்கிறதா என்று சோதிக்க வந்துவிட்டு, இருக்கிறது என்று முதல் வரியிலேயே நம்பிவிடுகிறீர்கள். மூன்று வகைகளின் எண்ணிக்கையும் கையில் இருக்கும்போது வர்க்கமூலம் எடுக்கவே கூடாது. ஒடுங்கு பண்பைத் தவிர வேறு எதுவும் தெரியாதபோது மட்டும், சமநிலையை அனுமானித்து, அந்த வழியில் போகலாம். 10,000 பேரில் ஒருவருக்கு ஒடுங்கு நோய் என்றால் க்யூ = 0.01, நோயைச் சுமப்பவர்கள் 2 × 0.99 × 0.01 = 0.0198, அதாவது 50 பேரில் ஒருவர்.

இரண்டாவது தவறு, மூன்று வகை இருப்பதால் கட்டின்மைக் கூறு (தன்னிச்சையாக மாறக்கூடிய மதிப்புகளின் எண்ணிக்கை) 2 என்று எழுதி எல்லையை 5.99 என எடுப்பது. பி மதிப்பையே இதே தரவிலிருந்து கணக்கிட்டதால் இன்னொன்றும் குறையும். 3 − 1 − 1 = 1.

"தகுதி" என்றால் உடல் வலிமையா?

இல்லை. எத்தனை வாரிசுகளை அடுத்த தலைமுறைக்குத் தருகிறது என்பதே தகுதி. அரிவாள் செல் அல்லீலைப் பாருங்கள். ஹீமோகுளோபினின் பீட்டா சங்கிலியில் 6ஆம் இடத்தில் குளுட்டமிக் அமிலத்துக்குப் பதில் வேலின் வருகிறது. இரண்டு பிரதிகளும் அப்படி அமைந்தால் கடும் நோய். ஒரு பிரதி மட்டும் இருந்தால் மலேரியாவின் கொடுமையிலிருந்து பாதுகாப்பு. இந்தியாவில் இந்த அல்லீல் முதலில் பதிவானது 1952இல், நீலகிரிப் பழங்குடி மக்களிடம்.

மலேரியாவால் சாதாரண வகையின் தகுதி 0.1 குறைகிறது, இரட்டைப் பிரதி உள்ளவர்களுக்கு 0.9 குறைகிறது என்று வைத்தால், அல்லீல் 0.1 ÷ (0.1 + 0.9) = 0.1 என்ற விகிதத்தில் நிலைபெறும். கேடு செய்யும் அல்லீல் ஏன் அழியவில்லை என்ற கேள்விக்கு இதுவே பதில். கொசு இல்லாத ஊரில் இதே அல்லீலின் கணக்கு வேறாக வரும்.

புதிய சிற்றினம் உருவாவதற்கு அருகில் எடுத்துக்காட்டு உண்டா?

மேற்குத் தொடர்ச்சி மலையின் சோலைக்காடுகள். மலையுச்சியில், குளிர்ந்த மடிப்புகளில் மட்டும் இருக்கும் இந்தக் காடுகளை விட்டு இறங்காத சிறு பறவைகள் அங்கே உண்டு. நீலகிரிக்கும் ஆனைமலைக்கும் நடுவே பாலக்காட்டுக் கணவாய், சுமார் 30 கி.மீ. அகலத்தில், தாழ்ந்து வெப்பமாகக் கிடக்கிறது. கடலுக்கு நடுவே தீவுகள் பிரிந்திருப்பதுபோல் இரண்டு பக்கப் பறவைகளும் பிரிந்துவிட்டன. கணவாய்க்கு வடக்கே ஒரு நீலப் பறவைச் சிற்றினம், தெற்கே வயிறு வெளுத்த இன்னொன்று. 2017இல் மரபணு ஆய்வின் அடிப்படையில் இவற்றைத் தனிப் பேரினமாகப் பிரித்து, சோலை என்ற நம் சொல்லை வைத்தே ஷோலிகோலா என்று பெயரிட்டார்கள்.

விடையில் வரிசை முக்கியம்: முதலில் புவியியல் தடை, அதனால் மரபணுப் பரிமாற்றம் நிற்பது, பிறகு திடீர்மாற்றம், தேர்வு, மரபியல் நகர்வு (அல்லீல் விகிதம் தற்செயலாக மாறுவது) ஆகியவை இரண்டு பக்கமும் தனித்தனியாகச் சேர்வது, கடைசியில் இனப்பெருக்கத் தடை. தடை என்ற ஒன்றை மட்டும் எழுதி நிறுத்தினால் பாதி விடைதான்.

அமைப்பொத்த உறுப்பு, செயலொத்த உறுப்பு: எப்படி நினைவில் வைப்பது?

வௌவால் இறக்கையும் மனிதக் கையும் ஒரே எலும்பு வரிசை, அமைப்பொத்தவை. வௌவால் இறக்கையும் வண்ணத்துப்பூச்சி இறக்கையும் ஒரே வேலை, வேறு பிறப்பு, செயலொத்தவை. வௌவால் இரண்டிலும் வரும். ஆகவே உறுப்பின் பெயரை மனப்பாடம் செய்யாமல், எதோடு எதை ஒப்பிடுகிறார்கள் என்று பாருங்கள்.

தாங்குதிறனைத் தாண்டினால் என்ன ஆகும்? வளைகோடு மெதுவாகத் தட்டையாகாதா?

தாங்குதிறன் என்பது ஓர் இடம் நீடித்துத் தாங்கக்கூடிய உயிர்களின் எண்ணிக்கை. பாடநூல் வளைகோடு அதை நெருங்கியதும் அழகாகத் தட்டையாகும். எல்லா இடத்திலும் அப்படி நடப்பதில்லை. அலாஸ்காவுக்கு மேற்கே, பெரிங் கடலில் உள்ள செயின்ட் மேத்யூ தீவில் 1944இல் 29 கலைமான்களை இறக்கினார்கள். வேட்டையாடும் ஓநாய் இல்லை. தரை முழுக்கத் தடித்த லைக்கன் (பூஞ்சையும் பாசியும் சேர்ந்து வாழும் உயிர்) படுகை. 1957இல் மான்கள் 1,350. 1963இல் சுமார் 6,000. அடுத்த கடுங்குளிருக்குப் பின் 1966இல் எண்ணியபோது 42.

29இலிருந்து 6,000 ஆக 19 ஆண்டு. 6,000 ÷ 29இன் இயல் மடக்கை 5.33, அதை 19ஆல் வகுத்தால் ஆண்டுக்கு 0.28. இரட்டிப்பாகும் காலம் 0.693 ÷ 0.28, ஏறத்தாழ இரண்டரை ஆண்டு.

ஏன் மெதுவாக நிற்கவில்லை? லைக்கன் வளர்வது மிக மெதுவாக. மான்கள் ஆண்டு வளர்ச்சியை மட்டும் தின்னவில்லை, பல்லாண்டு சேமிப்பையே தின்றன. விதைநெல்லை உண்பதற்கும் இதற்கும் வேறுபாடு இல்லை. மேய்ச்சல் போனதும் தாங்குதிறனே கீழே இறங்கிவிட்டது. எனவே தாங்குதிறனை மாறாத எண்ணாக எழுதாதீர்கள்.

லாஜிஸ்டிக் கணக்கில் (வளர்ச்சி வீதம் × எண்ணிக்கை × தாங்குதிறனில் இன்னும் மிஞ்சியுள்ள பங்கு) கவனிக்க ஒன்று. வளர்ச்சி வீதம் 0.5, தாங்குதிறன் 1,000 என்றால், 100 உயிர்கள் இருக்கும்போது கூடுவது 0.5 × 100 × 0.9 = 45. 500 இருக்கும்போது 125. 900 இருக்கும்போது மறுபடி 45. தாங்குதிறனின் பாதியில்தான் கூட்டம் மிக வேகமாகப் பெருகுகிறது. மீன்வளத்தில் எவ்வளவு பிடிக்கலாம் என்ற கணக்கு இங்கிருந்துதான் தொடங்குகிறது.

42 மான்கள் தப்பினவே, அவை மறுபடி பெருகாதா?

பெருகவில்லை. தப்பியவற்றில் பெண் 41, ஆண் ஒன்றே ஒன்று, கன்றுகள் இல்லை. 1980களுக்குள் அந்தக் கூட்டமே அற்றுப்போனது. இங்கே தலைகளை எண்ணுவதோடு பயனுள்ள எண்ணிக்கையையும் கணக்கிட வேண்டும்: (4 × ஆண் × பெண்) ÷ (ஆண் + பெண்). அந்த ஒற்றை ஆணுக்கு இனப்பெருக்கத் திறன் இருந்ததாகவே வைத்தாலும் (4 × 1 × 41) ÷ 42 = 3.9. மரபியல் நோக்கில் 42 மான்கள் நான்குக்குச் சமம்.

கூட்டம் சிறுத்தால் மரபியல் நகர்வு வலுக்கும். நல்ல அல்லீலும் அதிர்ஷ்டமின்மையால் தொலைந்துபோகும். வடக்கு யானைச்சீல்களை 19ஆம் நூற்றாண்டில் எண்ணெய்க்காக வேட்டையாடிச் சில பத்துகளாகக் குறைத்தார்கள். இன்று அவை ஒரு லட்சத்துக்கும் மேல். ஆனால் 1974இல் வெளியான ஆய்வில் 24 மரபிடங்களை (குரோமோசோமில் மரபணு இருக்கும் இடங்களை) சோதித்தபோது ஒன்றில்கூட வேறுபாடு காணப்படவில்லை. எண்ணிக்கை மீண்டது, தொலைந்த அல்லீல்கள் மீளவில்லை.

பிடித்துக் குறியிட்டு மீண்டும் பிடிக்கும் முறையில் விடை ஏன் தப்பாக வருகிறது?

முதல் நாள் 48 வெட்டுக்கிளிகளுக்குக் குறியிட்டு விட்டீர்கள். இரண்டாம் முறை பிடித்தது 55, அவற்றில் குறியுள்ளவை 12. மொத்தம் = 48 × 55 ÷ 12 = 220. மீண்டும் கிடைத்தவை குறைவாக இருந்தால் சாப்மன் திருத்தம் நல்லது: (49 × 56 ÷ 13) − 1 = 210.

பிழை எந்தப் பக்கம் போகும் என்று கேட்டால், வகுக்கும் எண்ணான 12க்கு என்ன ஆகும் என்று மட்டும் பாருங்கள். குறி அழிந்தால், குறியிட்டவற்றைப் பறவை எளிதில் பார்த்துத் தின்றுவிட்டால், ஒருமுறை பிடிபட்டது பொறியைக் கண்டு ஒதுங்கினால், 12 குறையும். விடை உண்மையைவிடக் கூடும். பொறியில் இரை வைத்து, அதன் ருசி கண்டது மறுபடி வந்தால், 12 கூடும், விடை குறையும். குறியைச் சிறகின் அடிப்பக்கம், நீரில் கரையாத சிறு புள்ளியாக வையுங்கள். விட்டவை கூட்டத்தோடு கலக்கப் போதிய நேரம் கொடுங்கள். ஆனால் பிறப்பும் இறப்பும் குறுக்கிடும் அளவுக்கு நாள் கடத்தாதீர்கள்.

புலிக்குக் குறியிடத் தேவையில்லை. ஒவ்வொன்றின் வரியும் வேறு. தானியங்கிக் கேமராப் படமே குறி. நாகரஹொளேயில் 1990களில் உல்லாஸ் காரந்த் இந்த முறையைப் பயன்படுத்திக் காட்டினார்.

செடிகளுக்குச் சதுரச் சட்டம் போதும்: புல்பூண்டுக்கு 1 × 1 மீட்டர், மரத்துக்கு 10 × 10 மீட்டர். சட்டத்தைத் தோளுக்குப் பின்னால் வீசுவது தற்செயல் தேர்வு ஆகாது. முள்புதர்ப் பக்கம் யாரும் வீசமாட்டார்கள். சமவாய்ப்பு எண்களால் ஆயத்தொலைகளைத் தேர்ந்தெடுங்கள்.

பத்து விழுக்காட்டு விதி உண்மையில் பத்துதானா?

ஓர் உணவு மட்டத்தின் ஆற்றலில் ஏறத்தாழ பத்து விழுக்காடே அடுத்த மட்டத்துக்குப் போகும் என்பது அந்த விதி. சூழலியலாளர் லிண்டெமன் 1942இல் வெளியிட்ட ஏரி ஆய்விலிருந்து வளர்ந்த தோராயம் அது. நடைமுறையில் 5 முதல் 20 வரை மாறும். தின்னாமல் விடுவது, செரிக்காமல் கழிவது, சுவாசத்தில் வெப்பமாகப் போவது என மூன்று வழியிலும் ஆற்றல் ஒழுகுகிறது. உடல் வெப்பத்தைத் தானே காக்கும் பாலூட்டியும் பறவையும் சுவாசத்தில் அதிகம் செலவழிக்கும். மீனும் பூச்சியும் குறைவாக. சூரிய ஒளியிலிருந்து தாவரம் பிடிப்பதையும் 10 என்று எழுதுகிறார்கள். அது ஏறத்தாழ ஒரு விழுக்காடுதான்.

கடலில் உயிர்த்திரள் பிரமிடு (ஒவ்வொரு உணவு மட்டத்திலும் உள்ள உயிர்களின் எடையைக் காட்டுவது) தலைகீழாக நிற்பது பலரைக் குழப்பும். இட்லிக் கொப்பரையில் ஒரு நேரத்தில் இருப்பது ஒரு ஈடுதான். ஈடு மாறிக்கொண்டே இருப்பதால் கல்யாணப் பந்தியே சாப்பிடுகிறது. தாவர மிதவை உயிரிகளும் அப்படி. எந்த நேரத்தில் எடைபோட்டாலும் குறைவு, ஆண்டு முழுதும் உற்பத்தி செய்வது அதிகம். ஆற்றல் பிரமிடு ஆண்டுக் கணக்கு என்பதால் அது எப்போதும் நிமிர்ந்தே நிற்கும்.

ஒளிப்புட்டி–இருட்புட்டி சோதனையில் கவனிக்க வேண்டியவை?

நீரில் ஒளிச்சேர்க்கையும் சுவாசமும் எவ்வளவு என்று ஆக்சிஜனை வைத்து அளக்கும் சோதனை இது. ஒரே ஆழத்து நீரை மூன்று புட்டிகளில் எடுங்கள்: தொடக்க அளவுக்கு ஒன்று, ஒளிப்புட்டி ஒன்று, இருட்புட்டி ஒன்று. குழாயைப் புட்டியின் அடிவரை விட்டு, நீர் வழியவிட்டு நிரப்புங்கள். ஒரு குமிழி இருந்தாலும் அளவு தப்பும். முதல் புட்டியின் ஆக்சிஜனை அப்போதே விங்க்ளர் முறையில் (நீரில் கரைந்த ஆக்சிஜனை அளக்கும் வேதி முறை) நிலைப்படுத்துங்கள். இருட்புட்டியை அலுமினியத் தாளால் மூடியும் கழுத்தும் சேரச் சுற்றுங்கள். ஒளிப்புட்டி, இருட்புட்டி இரண்டையும் நீர் எடுத்த அதே ஆழத்தில் 4 மணி நேரம் தொங்கவிடுங்கள்.

ஆக்சிஜன் தொடக்கத்தில் 7.2, ஒளிப்புட்டியில் 9.0, இருட்புட்டியில் 6.4 மி.கி./லிட்டர் என்றால்: நிகர உற்பத்தி 1.8, சுவாசம் 0.8, மொத்த உற்பத்தி 2.6. மணிக்கு முறையே 0.45, 0.20, 0.65.

ஒரு நாளுக்கு எவ்வளவு என்று கேட்டால் 0.45 × 24 = 10.8 என்று எழுதிவிடுகிறார்கள். இரவில் ஒளிச்சேர்க்கை ஏது? மொத்த உற்பத்தியைப் பகலின் 12 மணி நேரத்துக்கும் (7.8), சுவாசத்தை 24 மணி நேரத்துக்கும் (4.8) கணக்கிட்டுக் கழியுங்கள்: 3.0. உச்சி வெயிலில் அளந்திருந்தால் இதுவும் சற்றுக் கூடுதலாகவே இருக்கும்.

விங்க்ளர் முறையின் தைட்டரேஷனில் ஸ்டார்ச்சை, கரைசல் வைக்கோல் மஞ்சளாக வெளுத்தபின் மட்டும் சேருங்கள். முன்பே சேர்த்தால் அயோடினை அது பிடித்துவைத்துக்கொள்ளும். முடிவுப் புள்ளி தெளிவாக வராது.

கீஸ்டோன் சிற்றினமும் அதிகம் காணப்படும் சிற்றினமும் ஒன்றா?

வேறு வேறு. கீஸ்டோன் என்பது கல்வளைவின் உச்சியில் வைக்கும் பூட்டுக்கல். அளவில் சிறிது, எடுத்தால் வளைவு சரியும். ராபர்ட் பெயின் 1963இல் அமெரிக்காவின் வாஷிங்டன் மாநிலப் பாறைக்கரையில் ஒரு பகுதியிலிருந்து நட்சத்திர மீன்களை மட்டும் தொடர்ந்து அகற்றினார். அடுத்திருந்த பகுதியைத் தொடவில்லை. 1966இல் அவர் வெளியிட்டபடி, அகற்றிய பகுதியில் 15 சிற்றினங்கள் 8 ஆகக் குறைந்தன. நட்சத்திர மீன் தின்று கட்டுப்படுத்திவந்த சிப்பிகள் பாறையை நிறைத்து மற்றவற்றைத் தள்ளிவிட்டன. அங்கே அதிகம் காணப்படுவது சிப்பி, பூட்டுக்கல் நட்சத்திர மீன். தொடாத பகுதியை ஒப்பீட்டுக்கு வைத்திருந்ததால்தான் இந்த முடிவைச் சொல்ல முடிந்தது. விடையில் அந்தக் கட்டுப்பாட்டுப் பகுதியையும் குறிப்பிடுங்கள்.